அசல் உத்தரில் ஜெயித்தது சேறா, பிரிகேடா?

கேள்வி (ஒரு வாசகர்), பிப்ரவரி 11

1965 போரில் பஞ்சாப் எல்லையில் கேம்கரன், அசல் உத்தர் பக்கம் பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் சேற்றில் சிக்கிக்கொண்டன, அதனால்தான் நாம் தப்பித்தோம். கால்வாயை உடைத்து வயலில் தண்ணீர் விட்ட பிறகு நம்முடைய டாங்கி பிரிகேடுக்கு அங்கே என்ன வேலை? இன்றைக்கு டிரோன் வந்த பிறகு பிரிகேட் என்ற அமைப்பே வீண் செலவு. மறுக்க முடிந்தால் மறுங்கள்.

பிப்ரவரி 11, இரவு

மறுக்கிறேன். சேறு இருந்தது உண்மை. ஆனால் சேறு இரண்டு பக்கத்துக்கும் ஒரே சேறுதான். எங்கே தண்ணீர் விடுவது, தண்ணீர் இல்லாத வழி எங்கே கொண்டுபோய் விடும், அந்த வழியின் முடிவில் யார் பீரங்கியை நீட்டிக்கொண்டு காத்திருப்பது என்பதையெல்லாம் சேறு முடிவு செய்யாது.

காத்திருந்தது பிரிகேடியர் தியோகராஜின் 2வது தனிக் கவச பிரிகேட். (கவசப் படை என்றால் டாங்கிப் படை. ரெஜிமென்ட்கள் சேர்ந்தது பிரிகேட், பிரிகேடுகள் சேர்ந்தது டிவிஷன். கேவல்ரி, ஹார்ஸ் எல்லாம் குதிரைப்படை வழிவந்த ரெஜிமென்ட் பெயர்கள்.) மூன்று ரெஜிமென்ட், மூன்று வகை டாங்கி. 3வது கேவல்ரியிடம் சென்சூரியன். 8வது கேவல்ரியிடம் பிரெஞ்சு ஏஎம்எக்ஸ்-13, பதினைந்து டன்னுக்குள் அடங்கும் சின்ன வண்டி. டெக்கான் ஹார்ஸிடம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஷெர்மன். இந்த டெக்கான் ஹார்ஸ் உண்மையில் 4வது மலைப்படை டிவிஷனோடு இருந்த ரெஜிமென்ட், சண்டையின்போது பிரிகேடின் கீழ் வந்தது.

எதிரே பாகிஸ்தானின் 1வது கவச டிவிஷன். பாட்டன் அந்தக் காலத்தில் அமெரிக்கா நண்பர்களுக்குக் கொடுத்த நல்ல டாங்கி. காகிதத்தில் பார்த்தால் நம் பக்கம் பந்தயம் கட்ட ஆளிருக்காது.

பிப்ரவரி 12

நேற்று எழுதியதோடு சேர்த்துப் படிக்க.

4வது மலைப்படை டிவிஷன் செப்டம்பர் 6, 7 தேதிகளில் முன்னேறித் தாக்கி நன்றாக அடி வாங்கியது. பின்வாங்கி அசல் உத்தர் கிராமத்தைச் சுற்றிக் குதிரை லாட வடிவில் தற்காப்பு அமைத்தார்கள். மேஜர் ஜெனரல் குர்பக்ஷ் சிங்கின் டிவிஷன் அது. வெற்றிக் கதையாக மட்டும் சொல்கிறவர்கள் இந்த அடியை விட்டுவிடுகிறார்கள். அதை விட்டுவிட்டால் லாடம் எதற்கு என்பதே புரியாது.

லாடத்தின் உள்பக்கம் கரும்பு. செப்டம்பர் மாதக் கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நிற்கும், சென்சூரியன் உள்ளே போய் நின்றுவிட்டால் வெளியிலிருந்து தெரியாது. சுட வேண்டிய தூரம் வரும்வரை சுடக் கூடாது. முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் அடிக்க வேண்டும். இதையெல்லாம் கேட்கச் சுலபமாக இருக்கிறது. எதிரே எண்ணி முடியாத இரும்பு வரும்போது விரலை அடக்கி உட்கார்ந்திருப்பது பயிற்சி. சேறு அதைக் கற்றுக்கொடுக்காது.

செப்டம்பர் 8 முதல் 10 வரை இது நடந்தது. நம் தரப்புக் கணக்கில் பாகிஸ்தான் இழந்த டாங்கிகள் 97. தியோகராஜ், 3வது கேவல்ரியின் சலீம் காலேப், டெக்கான் ஹார்ஸின் அருண் வைத்யா மூவருக்கும் மகாவீர் சக்ரா.

பிப்ரவரி 12, கொஞ்சம் கழித்து

"அப்துல் ஹமீதை ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று இரண்டு பேர். விடவில்லை, வந்துகொண்டிருந்தேன்.

4வது கிரெனேடியர்ஸின் ஹவில்தார் அப்துல் ஹமீது ஜீப்பில் ஏற்றிய 106 மி.மீ. பின்னுதைப்பில்லாத பீரங்கியை வைத்துக்கொண்டு பாட்டன்களை ஒவ்வொன்றாக அடித்தார், அங்கேயே உயிர்விட்டார். பரம்வீர் சக்ரா. அவரை டாங்கி பிரிகேடின் கதைக்கு வெளியே வைத்துப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. காலாட்படை தன் இடத்தைவிட்டு நகராமல் நின்றதால்தான் சென்சூரியன்கள் கரும்புக்குள் நிம்மதியாக இருக்க முடிந்தது. அந்தப் பக்கம் பாட்டன்களோடு காலாட்படை ஒட்டி வரவில்லை. வந்திருந்தால் ஒரு ஜீப் அவ்வளவு நெருங்கியிருக்க முடியாது.

பிப்ரவரி 14

இப்போது கேள்வியின் முதுகெலும்புக்கு வருகிறேன். "பாட்டன் சேற்றில் மாட்டியது" என்கிறோமே, பாகிஸ்தானின் 4வது கேவல்ரிக்கு நடந்ததைப் பாருங்கள். அவர்கள் மேற்காகச் சுற்றிப் பின்பக்கம் வர முயன்றார்கள். தண்ணீர் நின்ற வயல்கள் வழியை வளைத்தன, எரிபொருள் தீர்ந்தது, இரவு ஆனது, துணைக்கு யாரும் வரவில்லை. காலையில் பல டாங்கிகள் சின்னக் கீறல்கூட இல்லாமல் நம் கையில் கிடைத்தன. கரும்புக்குள் ஒளிந்திருந்த வீரர்களோடு ரெஜிமென்ட் தலைவரும் பிடிபட்டார்.

இதில் சேற்றின் பங்கு எவ்வளவு? எரிபொருள் லாரி பின்னால் வந்திருந்தால் அந்த ரெஜிமென்ட் திரும்பிப் போயிருக்கும். லாரி வராததற்குக் காரணம் உண்டு. ரோஹி ஓடையின் மேல் போட்ட பாலத்தில் மொத்த டிவிஷனும் நெரிசலில் நின்றது. டாங்கி மட்டும் அக்கரைக்கு வந்தது, மற்றதெல்லாம் இக்கரையிலேயே. கல்யாண மண்டபத்துக்கு மாப்பிள்ளை மட்டும் வந்து சேர்ந்த மாதிரி.

அதனால் என் கட்சி இதுதான்: டாங்கி பிரிகேட் என்பதில் டாங்கி பாதிதான். மீதிப் பாதி யாருக்கும் படம் எடுக்கத் தோன்றாத வண்டிகள்.

பிப்ரவரி 15

"எத்தனை டாங்கி இருக்கும்?" என்று நேரடியாகக் கேட்டவருக்கு.

பிரிட்டிஷ் வழிவந்த நம் கணக்கு இப்படி. ஒரு ட்ரூப்புக்கு மூன்று டாங்கி. நான்கு ட்ரூப்பும் தலைமைக்கு இரண்டும் சேர்ந்து பதினான்கு, அது ஒரு ஸ்குவாட்ரன். மூன்று ஸ்குவாட்ரனும் ரெஜிமென்ட் தலைமைக்கு மூன்றும் சேர்த்தால் 45. மூன்று ரெஜிமென்ட் உள்ள பிரிகேட் என்றால் 135. அதிலும் எல்லாம் ஓடும் நிலையில் இருக்கும் நாள் என்று ஒன்று கிடையாது.

அப்புறம் பிஎம்பி என்ற கவச வண்டியில் வரும் இயந்திரமய காலாட்படை. கண்ணிவெடி அகற்றவும் பாலம் போடவும் சாப்பர்கள். தொடர்ந்து வரக்கூடிய பீரங்கி. சிக்னல்ஸ். பழுதான டாங்கியை இழுத்துவரும் மீட்பு வண்டி, களத்துப் பட்டறை. கடைசியாக எரிபொருளும் குண்டும் சுமக்கும் லாரிகள். டிவிஷனுக்குள் இருக்கும் பிரிகேட் இதில் பாதியை டிவிஷனிடம் கேட்டு வாங்கும். தனிக் கவச பிரிகேட் என்றால் தானே கையோடு வைத்திருக்கும், அல்லது போய்ச் சேரும் டிவிஷனிடம் வாங்கிக்கொள்ளும். "தனி" என்பதை வைத்துத் தனியாகச் சண்டை போடும் என்று நினைக்கிறார்கள். ஒரு கவச டிவிஷனுக்குள் அடங்காமல், தேவையான இடத்துக்கு அனுப்பலாம் என்பதுதான் அதன் பொருள்.

ஒரு கூட்டல்: டி-72 டாங்கிக்குள்ளும் பக்கத்துப் பெட்டிகளிலும் சுமார் 1200 லிட்டர் டீசல் பிடிக்கும். 135 டாங்கிக்கு 1,62,000 லிட்டர். சாலையில் நாம் பார்க்கும் 12,000 லிட்டர் டேங்கர் லாரி பதினாலு. ஒரே ஒரு முறை நிரப்ப. இதைப் போட்டுப் பார்த்த அன்றைக்குத்தான் 4வது கேவல்ரி மேல் எனக்கு இரக்கம் வந்தது.

பிப்ரவரி 15, இரவு

பள்ளி நாளில் நாங்கள் இருந்தது ஆவடிக்குப் பக்கம். தார்ப்பாய் போட்டு மூடிய டாங்கிகள் ரயிலில் போவதைப் பார்த்து வளர்ந்தவன். பக்கத்து வீட்டு மாமா கனரக வாகனத் தொழிற்சாலையில் ஃபிட்டர். அவரிடம் டாங்கி பற்றிக் கேட்டால் பீரங்கியைப் பற்றி ஒரு வார்த்தை வராது. செயின், பின், ரோடு வீல், கியர் பெட்டி, இதுதான். "சுடறது ஒரு நிமிஷம்டா, செயின் மாட்டறது அரை நாள்" என்பார். எனக்கு அப்போது சப்பென்று இருக்கும்.

சென்சூரியனிலும் ஆவடியில் செய்த விஜயந்தாவிலும் உள்ளே நான்கு பேர். டி-72இல் தானாகக் குண்டு ஏற்றும் கருவி இருப்பதால் மூன்று பேர். நல்ல வசதிதான். ஆனால் செயின் கழன்றால் மாட்டவும், ராத்திரி காவல் நிற்கவும் ஒரு கை குறையும். மாமா இருந்திருந்தால் இதைத்தான் முதலில் சொல்லியிருப்பார்.

பிப்ரவரி 17

"பிரிகேட் எல்லாம் ரஷ்யாவைப் பார்த்து வந்தது" என்று ஒருவர். இல்லை. 1917 நவம்பரில் காம்ப்ரே சண்டையிலேயே பிரிட்டனின் டாங்கிப் படை பிரிகேடுகளாகத்தான் போனது. 1930களில் அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். காலாட்படையோடு மெதுவாக நடக்க மடில்டா மாதிரி கனமான டாங்கி வைத்த ராணுவ டாங்கி பிரிகேட் ஒரு வகை. வேகமாக ஓடிப் பிளக்கக் கவச பிரிகேட் இன்னொரு வகை. ஒரே வேலைக்கு இரண்டு பட்டறை வைத்த கதை. வட ஆப்பிரிக்காவில் இதற்கு நிறைய விலை கொடுத்தார்கள்.

நம் ஆட்கள் கற்றது இரண்டாம் உலகப் போரின் பர்மா போர்முனையில். 254வது இந்திய டாங்கி பிரிகேட் இம்பாலில். 255வது, 1945 மார்ச் தொடக்கத்தில் மெய்க்டிலாவில். ஐராவதியைத் தாண்டி, 17வது இந்திய டிவிஷனோடு ஒரே பாய்ச்சலாக ஜப்பானியருக்குப் பின்னால் போய் விழுந்தார்கள். எரிபொருளும் குண்டும் விமானத்தில் வந்து இறங்கின. அங்கே ஷெர்மனில் போன ரெஜிமென்ட்களில் ஒன்று டெக்கான் ஹார்ஸ். இருபது வருடம் கழித்து அசல் உத்தரில் அதே ரெஜிமென்ட், அதே ஷெர்மன் வகை. டாங்கி கிழடாகிவிட்டது, ரெஜிமென்ட் ஆகவில்லை.

மெய்க்டிலா பக்கம் கவச கார்களோடு போன 16வது லைட் கேவல்ரியின் தலைவர் ஜே. என். சௌத்ரி. 1965இல் ராணுவத் தலைமைத் தளபதியே அவர்தான். அந்த 16வது கேவல்ரி பழைய மெட்ராஸ் குதிரைப்படையின் வாரிசு, 1776ஐச் சொல்லிப் பெருமைப்படுகிற ரெஜிமென்ட்.

பிப்ரவரி 17, தொடர்ச்சி

254வது பிரிகேடில் ஸ்டூவர்ட் டாங்கிகளோடு இருந்த 7வது லைட் கேவல்ரியை மறந்துவிட்டுப் போக மனம் வரவில்லை. 1948 நவம்பர் 1, காஷ்மீரின் சோஜிலா கணவாய். பதினோராயிரம் அடிக்கு மேல் டாங்கி வரும் என்று எதிரே இருந்தவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். டரெட்டை, அதாவது பீரங்கி இருக்கும் மேல்கூட்டை, கழற்றி, யாருக்கும் தெரியாமல் ஸ்ரீநகருக்குக் கொண்டுவந்தார்கள். பால்தாலிலிருந்து கணவாய்க்கு டாங்கி ஏறும்படி பாதை வெட்டியவர்கள் மெட்ராஸ் சாப்பர்கள், மேஜர் தங்கராஜுவின் கம்பெனி. ரெஜிமென்டுக்குத் தலைவர் ராஜீந்தர் சிங் 'ஸ்பேரோ'. டாங்கிகளின் பெயர் எல்லாருக்கும் தெரிகிறது, பாதை வெட்டியவர்கள் பெயர் தெரிவதில்லை. என் கட்சிக்கு இன்னொரு சாட்சி.

பிப்ரவரி 19

இரண்டு நாளாக ஒரு நெருடல். 14ஆம் தேதி நான் எழுதியதைப் படித்தால், பாகிஸ்தான்காரர்கள்தான் துணைப்படையை விட்டுவிட்டு வந்தார்கள், நாம் எல்லாம் தெரிந்தவர்கள் என்ற மாதிரி இருக்கிறது. அதே மாதம் சியால்கோட் பக்கம் நம் 1வது கவச டிவிஷன் செய்ததையும் பக்கத்தில் வைக்க வேண்டும். தலைவர் மேலே சொன்ன அதே ஸ்பேரோ. செப்டம்பர் 8இல் சம்பா பக்கமிருந்து உள்ளே நுழைந்தார்கள். காட்கோர் அருகே பாகிஸ்தானின் 25வது கேவல்ரி என்ற ஒற்றை ரெஜிமென்ட் எதிர்ப்பட்டது. எதிரே இருப்பது எவ்வளவு என்று தெரியாமல் நம்மவர்கள் நின்றுவிட்டார்கள். டிவிஷனின் 43வது லாரி காலாட்படை பிரிகேடோ மழைச் சேற்றில் பின்னால் அழுந்திக் கிடந்தது. (சேறு நம்மையும் பிடித்தது, பாருங்கள்.) 11ஆம் தேதி பிலோரா கையில் வந்தது. ஆனால் போன மூன்று நாளில் எதிரி நிலைகொண்டுவிட்டான். சவிண்டா கடைசிவரை விழவில்லை. பூனா ஹார்ஸ் தலைவர் தாராபோர் 16ஆம் தேதி உயிர்விட்டார். அவருக்கும் பரம்வீர் சக்ரா.

ஆக, இரண்டு டிவிஷனும் ஒரே நோயில் படுத்தன. தாக்கப் போகிறவனுக்கு அந்த நோய் வந்தால் தெரிந்துவிடும், காத்து நிற்கிறவனுக்கு வந்தாலும் வெளியே தெரியாது. அசல் உத்தர் பிரிகேடுக்குச் சாதகமாக இருந்தது இதுவும்தான். கேள்வி கேட்டவர் இந்த அளவுக்கு என்னை நகர்த்தியிருக்கிறார், ஒப்புக்கொள்கிறேன். சேறு என்பதில் மட்டும் நகரமாட்டேன்.

பிப்ரவரி 20

சரி, தாக்கப் போகும்போது டாங்கியையும் துணைப்படையையும் சரியாகச் சேர்த்துக் கொண்டுபோன உதாரணம் உண்டா என்று கேட்டால், பசந்தர் ஆற்றுச் சண்டை.

1971 டிசம்பர், ஷகர்கர் முனை, நம் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பாகிஸ்தான் நிலம். 16வது தனிக் கவச பிரிகேட். தலைவர்? அசல் உத்தரில் ஷெர்மன் ரெஜிமென்டை நடத்திய அதே அருண் வைத்யா, இப்போது பிரிகேடியர். (இங்கே இரண்டாவது மகாவீர் சக்ரா. 1983இல் ராணுவத் தலைமைத் தளபதி.) 54வது காலாட்படை டிவிஷனோடு சேர்த்து அனுப்பினார்கள்.

வரிசையைப் பாருங்கள். டிசம்பர் 15 இரவு முதலில் காலாட்படை ஆற்றைக் கடந்தது. 16வது மெட்ராஸ் சராஜ் சக் பக்கம், 3வது கிரெனேடியர்ஸ் ஜர்பால் பக்கம். பிறகு சாப்பர்கள், 9வது இன்ஜினியர் ரெஜிமென்ட், இருட்டில், குண்டு மழையில், கண்ணிவெடி வயலில் டாங்கி போக வழி எடுத்தார்கள். வழி இன்னும் முடியவில்லை. அக்கரையில் எதிரி டாங்கிச் சத்தம் கேட்கிறது, காலாட்படை தனியாக நிற்கிறது. பூனா ஹார்ஸ் தலைவர் ஹனுத் சிங் மீதி வழி எடுக்கும்வரை காத்திருக்கவில்லை. போ என்றார். ரெஜிமென்ட் அக்கரை சேர்ந்தது.

மறுநாள் பாகிஸ்தானின் 8வது தனிக் கவச பிரிகேட் எதிர்த் தாக்குதல் நடத்தியது. பிரிகேட் முழுக்க ஒரே அடியாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. 13வது லான்சர்ஸ் ஸ்குவாட்ரன் ஸ்குவாட்ரனாக வந்தது, அப்புறம் 31வது கேவல்ரி. நாற்பதுக்கும் மேல் டாங்கி போயிற்று. நம் பக்கம் 21 வயது அருண் கேதர்பால், எரிந்துகொண்டிருந்த சென்சூரியனை விட்டு இறங்க மறுத்தார். பரம்வீர் சக்ரா.

இதைவிட எனக்கு உறைத்தது 17ஆம் தேதி விடியல். முந்தைய நாள் டாங்கி வந்தது, காலாட்படை இல்லை. இந்த நாள் பாகிஸ்தானின் 35வது ஃபிரான்டியர் ஃபோர்ஸ் காலாட்படை வந்தது, டாங்கி இல்லை. தலைவர் அக்ரம் ராஜா முன்னால் நின்றே செத்தார். அவருடைய வீரத்தை நம் தரப்பே எழுதிச் சொல்ல, அவர்கள் நாட்டில் விருது கொடுத்தார்கள். ஒரு ராத்திரி இடைவெளியில் இரண்டு பாதியும் தனித்தனியாக வந்து தனித்தனியாக அழிந்தன.

பிப்ரவரி 20, பின்குறிப்பு

ஹனுத் சிங் செய்தது சரியா என்று ஒரு கட்சி கிளம்பியிருக்கிறது. கண்ணிவெடியில் பாதி டாங்கி போயிருந்தால் இன்றைக்கு அவரைப் பைத்தியக்காரன் என்றுதான் எழுதியிருப்போம். போகாமல் இருந்திருந்தால் ஜர்பாலில் காலாட்படையை இழந்திருப்போம். இதில் நான் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இல்லை. சாப்பர்கள் பாதி வழியாவது எடுத்திருந்ததால்தான் அந்த முடிவே சாத்தியமாயிற்று என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 23

டிரோன் கேள்வி. ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தேன், இனி முடியாது.

2022 மார்ச்சில் கீவ் பக்கம் புரோவரியில் ரஷ்ய டாங்கிகள் சாலையில் வரிசையாக வந்து அடிவாங்கிய வீடியோ எல்லாரும் பார்த்தது. மேலிருந்து டிரோன் படம் பிடித்தது, பீரங்கியும் ஏவுகணையும் அடித்தன. அதே மாதம் செர்னிஹிவ் நகரைச் சுற்றி வளைத்த ரஷ்யப் படையைத் தடுத்து நிறுத்தியது உக்ரைனின் 1வது டாங்கி பிரிகேட். இரண்டும் ஒரே போர், ஏறக்குறைய ஒரே வகை டாங்கி. முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு டாங்கி செத்தது என்று எழுதுகிறார்கள்.

அதற்குப் பிறகு சின்ன டிரோன் மிகவும் மலிவாகிவிட்டது, அது உண்மை. டாங்கி மேல் கம்பிக் கூண்டு கட்டுகிறார்கள், பார்க்கக் கோழிக் கூண்டாட்டம் இருக்கிறது, ஆனால் கட்டாமல் போக யாருக்கும் தைரியம் இல்லை. 135 டாங்கி ஒரே இடத்தில் கூடி நிற்பது இனிமேல் நடக்காத காரியம் என்று எனக்கும் படுகிறது. ஆனால் இதனால் பிரிகேட் கலையுமா? சிதறி நிற்பவற்றைச் சேர்த்து இயக்க சிக்னல்ஸ் இன்னும் அதிகம் வேண்டும். டிரோனைக் குழப்பும் கருவி சுமக்கும் வண்டி வேண்டும். வான் காப்பு வேண்டும். டீசல் லாரி இப்போது முதல் குறி, அதை மறைக்க வேண்டும். டாங்கி குறையலாம், கூட வருகிற கூட்டம் பெருகும்.

2020 ஆகஸ்ட் கடைசியில் கிழக்கு லடாக்கில் ரெசாங் லா பக்கம் நம் டாங்கிகள் மேட்டில் ஏறி நின்றன. அந்தக் குளிரில் சாதாரண டீசல் உறைந்துபோகும், தனி டீசல் வேண்டும். டாங்கி மேலே நிற்கும் படம்தான் பத்திரிகையில் வந்தது.

பிப்ரவரி 24

"அர்ஜுன் பற்றி ஒரு வார்த்தை இல்லையே, ஆவடிக்காரர்!" சரி, ஒரு வார்த்தை. ஆவடியில் செய்யும் நல்ல டாங்கி, பீரங்கி துல்லியம். முதல் வகையே 58 டன்னுக்கு மேல், மார்க் 1ஏ 68 டன். பஞ்சாபில் பத்து கிலோமீட்டருக்கு ஒரு கால்வாய் வரும். அந்த எடைக்குப் பாலம், ரயில் வண்டி, இழுவை வண்டி எல்லாமே பெரிதாக வேண்டும். முதல் ஆர்டர் 124, 2021இல் இன்னொரு 118. 43வது கவச ரெஜிமென்ட்தான் முதலில் வாங்கியது. பாலைவனப் பக்கம் வைத்திருப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. மேலே விவாதிக்க வேண்டும் என்றால் தனி இழை திறவுங்கள், இது ஏற்கெனவே ரயில் நீளம் ஆகிவிட்டது.

பிப்ரவரி 26

எங்கே போய்ப் பார்க்கலாம் என்று கேட்டவருக்கு: அகமத்நகர், இப்போது அகில்யாநகர். அங்கே இருக்கும் டாங்கி அருங்காட்சியகம். சென்சூரியன், ஷெர்மன், ஏஎம்எக்ஸ்-13, பிடிபட்ட பாட்டன், நம் விஜயந்தா எல்லாம் உண்டு. வெயிலுக்குத் தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள், பாதி திறந்தவெளி. ஏஎம்எக்ஸ் பக்கத்தில் பாட்டனை மனதில் நிறுத்திப் பாருங்கள், 8வது கேவல்ரியில் இருந்தவர்களுக்கு என்ன தைரியம் என்று புரியும். பஞ்சாப் போனால் அசல் உத்தரில் அப்துல் ஹமீதின் சமாதியும் உண்டு. அமிர்தசரஸிலிருந்து பிக்கிவிண்ட் வழியாகப் போகலாம், காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.